வாளியைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்

"ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த சீட்டு எங்க?" என்று ஸ்டோர்ஸ் சார் சமையலறை வாசலில் நின்று கத்தினார்.

"காலங்காத்தால எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க? ஈரத்துணி போட்டுத் துடைச்சேன், உதிர்ந்துடுச்சு" என்றாள் மனைவி.

"உதிர்ந்ததை என்ன பண்ணினே?"

"திரும்ப ஒட்டிட்டேன்."

"எங்க?"

"எங்கெல்லாம் காலியா இருந்துச்சோ அங்கெல்லாம். எல்லாச் சீட்டும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. எது எதுன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

ஸ்டோர்ஸ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். மகளின் கைபேசியில் வரும் மொழி ஆசான் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானின் மேலும் அதன் பெயரைப் புது மொழியில் எழுதி ஒட்டிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் படித்துக்கொண்டே இருந்தால் பசுமரத்தாணி போலப் பதிந்துவிடும். அந்த ஆசானுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. வீட்டைத் துடைக்கிறவள் ஒருத்தி இருப்பாள் என்பது அவர் பாடத்தில் இல்லை.

அரைமணி நேரம் தேடி, ஃபிரிட்ஜின் சீட்டு இஸ்திரிப் பெட்டியின் முதுகில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் இடம் மாற்றி ஒட்டினார். "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் சுபாவம் அப்படி. கம்பெனியிலும் மேலே இருக்கும் மெத்தையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அடியில் இருப்பதெல்லாம் நல்ல மெத்தை என்று கையெழுத்துப் போடுகிறவர்.

மற்றதெல்லாம் சரியாக இல்லை. கதவின் சீட்டு குளியலறை வாளியிலும், வாளியின் சீட்டு கதவிலும் இருந்தன. கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கிய மாமனாரின் சீட்டு மிக்ஸிக்குப் போய்விட்டது. அழுக்குத்துணிக் கூடையின் சீட்டு மாமனாரிடம் வந்துவிட்டது. ஸ்டோர்ஸ் சார் தினமும் பல் தேய்த்துக்கொண்டே இவற்றை மனப்பாடம் செய்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. மெத்தைக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு வந்த பிறகு அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கோபம் வந்தால் மனைவிகூட "என்ன ஸ்டோர்ஸ் சார்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஐம்பது வயதுக்கு மேல் அவர் புது மொழி படிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டு சகோதரர்கள். கடல் தாண்டி எங்கிருந்தோ வந்து மெத்தைக் கம்பெனியை, ஊரின் மறுகோடியில் இருந்த அதன் தலையணை யூனிட்டோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். வாங்கிய கையோடு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: ஒவ்வொரு யூனிட்டிலும் ஸ்டோர்ஸ், பில்லிங் இரண்டு வேலையையும் இனி ஒரே ஆள் பார்ப்பார்; அவருக்கு முதலாளிகளின் அறைக்குள்ளேயே மேசை; ஆளைத் தேர்ந்தெடுக்க முதலாளிகளின் மொழியில் ஒரு சோதனை நடக்கும்.

இரண்டு வேலைக்கு ஒரே ஆள் என்றால் இன்னோர் ஆள் வீட்டுக்கு. ஸ்டோர்ஸ் சார் மனைவியிடம் முன்பாதியை மட்டும் சொன்னார். "எனக்குப் பதவி உயர்வு வரப்போகுது" என்று. பின்பாதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. மெத்தையை அமுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதனை இந்த வயதில் யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? 

பில்லிங்காரர் அதற்குள் அந்த மொழியில் கொட்டாவிகூட விட ஆரம்பித்திருந்தார். டீ குடிக்கும் இடத்தில் நின்று கடமுடாவென்று ஏதாவது சொல்லிவிட்டு, "இதுக்கு அர்த்தம் தெரியுமா ஸ்டோர்ஸ்?" என்று கேட்பார்.

"தெரியும்" என்பார் ஸ்டோர்ஸ் சார்.

"சொல்லுங்க பாப்போம்."

"ரகசியம்."

*

சீட்டு மட்டும் போதாது என்று மகள் சொன்னாள். "அப்பா, தூங்கும்போது காதுல பாடத்தைப் போட்டுக்கணுமாம். நாம தூங்கினாலும் மூளை தூங்காதாம்."

"என் மூளை முழிச்சிருக்கும்போதே தூங்குதுன்னு உங்கம்மா சொல்லுவா."

"அப்போ இது உங்களுக்கு இன்னும் நல்லா வேலை செய்யும்பா."

மெத்தைக் கிடங்கில் தூங்க இடத்துக்கா பஞ்சம்? மதிய இடைவேளையில் காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் இருந்த இரட்டை மெத்தை ஒன்றில் ஏறிப் படுத்தார். வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க மேலே ஒரு விரிப்பையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். பாடத்தில் ஒரு பெண் கொஞ்சும் குரலில் என்னவோ சொல்லச் சொல்ல, உலகமே மிதப்பது போல் இருந்தது.

உண்மையில் மிதந்தது மெத்தைதான். லோடு ஏற்றுகிறவர்கள் நான்கு பேராகத் தூக்கி லாரியில் வைத்துவிட்டார்கள். "என்னடா இது, இந்த மாடல் இவ்வளவு கனம் கனக்குது?" என்று ஒருவன் கேட்டதும், "விலையும் கனம்தானே" என்று இன்னொருவன் சொன்னதும் அவர் காதில் அரைகுறையாக விழுந்தன. பாடத்தின் அடுத்த பகுதி என்று நினைத்துவிட்டார்.

ஊர்க்கோடியில் ஒரு கடையில், வாங்க வந்த அம்மாள் ஒருத்தி மெத்தையை ஓங்கி அமுக்கியபோதுதான் விழிப்பு வந்தது. அமுக்கிய இடம் அவர் வயிறு. ஸ்டோர்ஸ் சார் எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் வாய்க்கு வந்த முதல் வாக்கியத்தை அந்த மொழியில் சொன்னார்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இவர் இல்லாம என்ன விலை?" என்று கேட்டாள்.

மறுநாள் கம்பெனி முழுக்க இதே பேச்சு. "ஸ்டோர்ஸ் ஸ்டாக் சரிபார்க்கல, ஸ்டாக்காவே போயிட்டார்" என்று பில்லிங்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

*

மூன்றாவது வித்தை வீட்டுச் சட்டம். வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் தாய்மொழி பேசக் கூடாது. புது மொழி மட்டும்தான். மொழிக் கடலில் மூழ்கினால்தான் முத்தெடுக்கலாம் என்று ஆசான் சொல்லியிருந்தார்.

மூழ்கினார்கள். மனைவிக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மகளுக்கு வணக்கம் மட்டும் தெரியும். காலையில் மகள் வணக்கம் சொல்லுவாள், இரவிலும் அதையே சொல்லுவாள். நடுவில் வீடு வாயை மூடிக்கொண்டு கிடந்தது. மனைவி பாத்திரங்களால் பேசினாள். "டொங்" என்றால் சாப்பிட வரவும். "டங்" என்றால் தட்டைக் கழுவி வைக்கவும். "டமார்" என்றால் இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டதற்கு என்னைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. மகள் பார்த்தாள். மோட்டார், தொட்டி, நிரம்பிவிட்டது, மூன்றுக்குமே அவளுக்கு வார்த்தை தெரியாது. சட்டத்தை மீறாமல் அப்பா எதிரில் போய் நின்று, "வணக்கம்" என்றாள். அவரும் மகிழ்ச்சியோடு வணக்கம் சொன்னார். அவள் மாடிப்படியைக் காட்டி இன்னொரு வணக்கம் சொன்னாள். உச்சரிப்பு பிரமாதம் என்று அவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கூடத்துக்கு வந்து அவர் செருப்பை மிதக்கவிட்டது.

அன்றைக்குச் சட்டம் செத்தது. நனைந்த விரிப்பைப் பிழிந்துகொண்டே மனைவி வெடித்தாள்.

"பில்லிங் வீட்டம்மாவை வழியில பாத்தேன். ஒரே ஆளைத்தான் வெச்சுக்கப் போறாங்களாமே. பதவி உயர்வுன்னீங்க?"

ஸ்டோர்ஸ் சார் மிதந்த செருப்பைக் குனிந்து எடுத்தார்.

"எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?"

"பயமா இருந்துச்சு" என்றார். வேறு எந்த மொழியிலும் அதைச் சொல்ல அவருக்குத் தெரியாது. "வேலை போனா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல. உன் முகத்தைப் பாத்து அதைச் சொல்ல முடியல."

மனைவி பிழிவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கோபம் இறங்கிவிட்டிருந்தது.

"மண்டு, மண்டு. நாலு பேர் மெத்தையோட தூக்கிட்டுப் போனப்பகூட நான் சிரிச்சேனே. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேனா?" என்றாள். விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு, "வீட்டுக்குள்ள எங்ககூட மாரடிச்சு ஒண்ணும் ஆகாது. வெளிய போய்ப் பேசுங்க. தண்ணியில இறங்காம யாருக்கு நீச்சல் வந்திருக்கு?" என்றாள்.

"தண்ணிதான் வீட்டுக்குள்ளயே இருக்கே" என்றார் அவர்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அவருக்குப் பாதித் தைரியம் திரும்பியது.

*

வெளியே போவது என்றால் தெரிந்தவர்கள் இல்லாத இடமாக இருக்க வேண்டும். இரண்டு பேட்டை தள்ளி ஒரு கடைத்தெருவைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவர் அந்த நாட்டுக்காரர். நம் மொழி ஒரு சொல் தெரியாதவர். அப்படி இருந்தால்தான் வாய் வேறு வழியில்லாமல் புது மொழியைப் பேசும் என்பது அவர் கணக்கு.

முதலில் போனது சலூனுக்கு. உள்ளே நுழைந்து, தான் கற்றதில் நீளமான வாக்கியம் ஒன்றைச் சொன்னார். சலூன்காரர் கத்திரியோடு நின்றுவிட்டார்.

"வெளிநாட்டுக்காரர் போல" என்று காத்திருந்த வாடிக்கையாளரிடம் சொன்னார். "பாவம், வழி தெரியாம வந்துட்டார். ஆளைப் பாத்தா அப்படியே நம்ம ஊரு மாட்டுத் தரகர் மாதிரி இருக்கார் இல்ல?"

"தரகருக்காவது கொஞ்சம் களை இருக்கும்" என்றார் வாடிக்கையாளர்.

ஸ்டோர்ஸ் சார் புன்னகைத்தார். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டுவது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். புரிந்ததைப் புரியாததுபோல் காட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"மீசையை எடுத்துடவா?" என்று சலூன்காரர் சைகையில் கேட்டார். வேண்டாம் என்ற வார்த்தை அந்த மொழியில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பாதி மீசை போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டில் மகள் கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்டாள். பிறகு, "ஐயோ அப்பா, மீசை எங்க?"

"மொழிக்காக உயிரையே குடுத்தவங்க இருக்காங்க. நான் மீசையைத்தானே குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து அதே தெருவில் நடந்தபோது சலூன்காரர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க, வாங்க! உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருக்கார்! அவருக்கும் நம்ம பாஷை ஒரு அட்சரம் தெரியல. நீங்களாவது பேசுங்க!"

 ஓடலாம் என்றால் பிடி இறுக்கமாக இருந்தது. சலூன் நாற்காலியில் நீலச்சட்டை போட்ட மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் இவரைப் பார்த்ததும் பாதி எழுந்து வாசலைப் பார்த்தார். அவருடைய மேலுதட்டில் மீசை இருந்த தடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. அந்த நாட்டில் மீசை வைக்கும் வழக்கமில்லை போலும், எடுத்தது நல்லதாகப் போயிற்று என்று ஸ்டோர்ஸ் சார் நினைத்துக்கொண்டார்.

நீலச்சட்டை ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் ஆசான் இதற்கும் வழி சொல்லியிருந்தார்: எதிராளி பேசுவது புரியாவிட்டால், அவருடைய கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல், பேச்சு தானாக ஓடும். ஸ்டோர்ஸ் சார் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்.

நீலச்சட்டை அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார்.

ஸ்டோர்ஸ் சார் இன்னொரு தரம், கொஞ்சம் வியப்போடு சொன்னார். நீலச்சட்டை வருத்தத்தோடு சொன்னார். இவர் ஆறுதலாகச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்படியே ஒரே சொல்லைப் பூப்பந்து மாதிரி இருவரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொந்த பாஷையைக் கேட்டதும் என்ன ஒரு பாசம் பாத்தியா!" என்றார்.

*

அதற்குப் பிறகு தினமும் மாலையில் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் சந்தித்தார்கள். அசல் நாட்டுக்காரர் ஒருவர் கையில் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று ஸ்டோர்ஸ் சார் பூரித்துப்போனார். நீலச்சட்டை சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்து உருப்போட்டார். ஆச்சரியம் என்னவென்றால், இவர் சொல்லும் வார்த்தைகளையும் நீலச்சட்டை மறுநாள் அப்படியே பயன்படுத்தினார். "என் உச்சரிப்பு அவருக்குப் பிடிச்சுப்போச்சு" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மாமனாரைப் பற்றிப் பேச்சு வந்தது. வாழ்ந்த காலத்தில் அழுக்குத்துணிக் கூடை மிகவும் கண்டிப்பானவர் என்று, தான் கற்ற வார்த்தையில், ஸ்டோர்ஸ் சார் சொன்னார். நீலச்சட்டை பெருமூச்சு விட்டு ஆமோதித்தார்.

ஒருநாள் பேசிக்கொண்டே சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் நீலச்சட்டையை உரசிக்கொண்டு போனது. "ஐயோ அம்மா! கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று அவர் நம் மொழியில் அலறினார்.

ஸ்டோர்ஸ் சார் அசந்துபோனார். அந்த மனிதர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் நம் மொழியில் வலிக்கவே கற்றுக்கொண்டுவிட்டாரே! இவரோ பல வாரமாக முக்கியும் அவர் மொழியில் ஒரு தும்மல்கூடப் போட முடியவில்லை.

"தனியா கெடக்கார், பாவம்" என்று மனைவி ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். நீலச்சட்டை மறுநாள் டப்பாவை வெறுமனே திருப்பித் தரவில்லை. அவரும் எதையோ நிரப்பிக் கொண்டுவந்தார்.

மனைவி ருசி பார்த்துவிட்டு யோசித்தாள். "வெளிநாட்டுச் சமையல்னீங்க. நம்ம வீட்டு ருசியாத்தானே இருக்கு? உப்புதான் ஒரு கல்லு கம்மி."

"அங்கயும் அடுப்புதானே" என்றார் அவர்.

"இருந்தாலும் அந்த மனுஷன் நல்லவர். உங்களுக்குச் சொல்லிக்குடுத்து இந்தக் குடும்பத்தைக் காப்பாத்துறார்" என்றாள் அவள். ஸ்டோர்ஸ் சாருக்கும் அதே எண்ணம்தான். இப்போது அவர் கனவு காண்பதே அந்த மொழியில்தான். கனவில் வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

*

சோதனை நாள் வந்தது. முதலாளிகளின் அறைக்கு வெளியே ஸ்டோர்ஸ் சார் தன் முறைக்காகக் காத்திருந்தார். உள்ளே ஒரே இரைச்சல். யாரோ மேசையைக் குத்தினார்கள். யாரோ எதையோ விட்டெறிந்தார்கள். பிறகு கதவு திறந்து பில்லிங்காரர் மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"எங்கிட்ட எங்க கேட்டாங்க? அண்ணனும் தம்பியும் அவங்களுக்குள்ள காரசாரமா விவாதம் பண்ணினாங்க. நான் விடுவேனா? நடுவுல புகுந்து, ரெண்டு பேருக்கும் நியாயம் சொன்னேன், அவங்க பாஷையிலயே. அசந்துட்டாங்க! உடனே எழுந்து கை குடுத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க." அவர் ஸ்டோர்ஸ் சாரின் தோளைத் தட்டினார். "நீங்க மனசைத் தளர விடாதீங்க. வேற கம்பெனியிலயும் மெத்தை இருக்கும்."

 காலையில் கிளம்பும்போது மனைவி சட்டைக் காலரை இரண்டு முறை சரிசெய்துவிட்டது நினைவுக்கு வந்தது. மூடியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்றார். அதில் அந்த மொழியில் ஓர் அறிவிப்பு தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். முழுவதும் புரிந்துவிட்டது! உடம்பு புல்லரித்தது. வாளியைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்.

சுற்றுமுற்றும் பார்த்தார். நடைபாதை மூலையில் தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருந்த சிவப்பு வாளி ஒன்று தொங்கியது. அந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது. படித்துப் புரிந்துகொள்கிறவன் யார் என்று பார்க்கிறார்கள். பில்லிங் இதைக் கவனிக்காமல் கதவைத் தட்டியிருப்பான், மடையன். ஸ்டோர்ஸ் சார் வாளியை மூன்று முறை மரியாதையாகத் தட்டினார். பதில் இல்லை. பலமாகத் தட்டினார். ஆணி பிடுங்கிக்கொண்டு வாளி கீழே விழுந்து உருண்டு, கதவில் மோதி நின்றது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த சகோதரர்கள், அறிவிப்பையும் வாளியையும் மணலில் நிற்பவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் மெல்லச் சிரித்தார். ஸ்டோர்ஸ் சாருக்கு நம்பிக்கை துளிர்த்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் சகோதரர்கள் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஓர் இளம்பெண் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அவள் மொழிபெயர்ப்பாளர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

திடீரென்று மூத்தவர் மேசையில் ஓங்கிக் குத்தி இளையவரைப் பார்த்துக் கத்தினார். இளையவர் எழுந்து நின்று கத்தினார். மூத்தவர் ஒரு ஸ்டேப்ளரை எடுத்துச் சுவரில் அடித்தார். தன்னை எவ்வளவு உற்சாகமாக வரவேற்கிறார்கள் என்று ஸ்டோர்ஸ் சார் நெகிழ்ந்துபோனார். மூத்தவர் அருகில் வந்து, மூக்குக்கு நேரே விரலை ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நீளமான வாக்கியம் சொன்னார். ஸ்டோர்ஸ் சார் கைகூப்பி, தனக்குத் தெரிந்த அளவில் நன்றி சொன்னார்.

சகோதரர்கள் சட்டென்று சண்டையை நிறுத்திவிட்டு ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்து இன்னொருவர் உள்ளே வந்தார். நீலச்சட்டை!

ஸ்டோர்ஸ் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சோதிக்க வந்திருக்கும் அதிகாரி இவர்தானா? தெய்வமே! நீலச்சட்டையின் முகத்திலும் அதே ஆனந்தம். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீலச்சட்டை வழக்கமான நலம் விசாரிப்பைச் சொன்னார். ஸ்டோர்ஸ் சார் வழக்கமான பதிலைச் சொன்னார். பெஞ்சில் பேசிப் பழகிய அத்தனையும் மடைதிறந்த வெள்ளமாக வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு திணறல் இல்லை. சகோதரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வாழ்க்கையில் ஸ்டோர்ஸ் சார் இவ்வளவு நன்றாக எந்த மொழியும் பேசியதில்லை.

ஓரத்தில் இருந்த பெண் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிவிடப் பார்த்தாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் மொழியில் பேசினாள்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இவர் உங்களைக் கேட்டார்: 'நல்லா வெந்துட்டீங்களா?' அதுக்கு நீங்க, 'என் வாளி உங்களுக்காக எப்பவும் திறந்தே இருக்கும்'னு சொன்னீங்க. அதுக்கு அவர், 'மூடி போட்டு இறக்கி வைங்க, என் அழுக்குத்துணிக் கூடை உங்களை ரொம்ப விசாரிச்சார்'ங்கிறார்."

 ஸ்டோர்ஸ் சார் மெல்லத் திரும்பி, முதல்முறையாக நீலச்சட்டையிடம் தாய்மொழியில் கேட்டார். "நீங்க... அந்த நாட்டுக்காரர் இல்லையா?"

"ஐயோ, நீங்கதானே அந்த நாட்டுக்காரர்!" என்றார் நீலச்சட்டை. "நான் தலையணை யூனிட்ல ஸ்டோர்ஸுங்க. சமையல் வீடியோ பாத்துத்தான் இந்த மொழியைப் படிச்சேன். மிச்சமெல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டது!"

"நான் மெத்தை யூனிட் ஸ்டோர்ஸ்" என்றார் ஸ்டோர்ஸ் சார். "மிச்சமெல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டது."

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.  மீசை போயிற்று, மானம் போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ஸ்டோர்ஸ் சார் எழுந்து அந்தப் பெண்ணிடம் கைகூப்பினார்.

"அம்மா, அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அவங்க பாஷையில ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இவ்வளவு நேரம் அவங்க பேசுனதுல ஒரு எழுத்துகூடப் புரியல. ஏமாத்தணும்னு செய்யல. வேலை போயிடும்னு பயந்து செஞ்சேன்."

நீலச்சட்டையும் எழுந்து நின்றார். "எனக்கும் அதேதான்னு சொல்லுங்கம்மா."

அவள் சகோதரர்களிடம் சொன்னாள். மூத்தவர் எழுந்து வந்து ஸ்டோர்ஸ் சாரைக் கட்டிக்கொண்டார். இளையவர் நீலச்சட்டையைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் கண்ணில் நீர். ஸ்டோர்ஸ் சார் ஒன்றும் விளங்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நாள் முழுக்க அண்ணன் தம்பி சண்டையைப் பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கு, அவங்க பாஷை சுத்தமாப் புரியாத ஆளுங்க ரெண்டு பேர் வேணும்னுதான் சார் இந்தச் சோதனையே, கொஞ்சம் புரிஞ்ச எல்லாரையும் கை குடுத்து அனுப்பிட்டாங்க, என்னையும் சேர்த்து."